கடைமடைக்கு ஆறாம் நாள்

போன திங்கட்கிழமை காலை ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் சிவப்பாக ஒரு வரி. ட்ரூ வர வேண்டும், ஃபால்ஸ் வந்தது. அவ்வளவுதான். எந்த ஊர், எந்த வாய்க்கால், எத்தனை நாள் பிசகு, ஒன்றும் இல்லை. டெஸ்ட்டின் பெயரைப் பார்த்தேன். நீ எழுதியது. அதை இப்படி ஊமையாக்கியது நான்.

முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எந்த ஊருக்கு என்றைக்கு வரும் என்று விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினோமே, அந்த வேலைதான். நாள் கணக்குப் போடும் புரோகிராம் என்னுடையது. அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்கள் உன்னுடையவை. தோற்றால் திரையில் வர வேண்டிய வாசகத்தையும் சேர்த்தே எழுதுவாய்: "கடைமடைக்குத் தண்ணீர் ஆறாம் நாள் வர வேண்டும், மூன்றாம் நாள் என்று வந்திருக்கிறது. இதை நம்பி நாற்றுப் பறித்துவிடுவார்கள்."

"டெஸ்ட் எழுதச் சொன்னா கட்டுரை எழுதுறியேடி" என்று கேலி செய்தேன். "தப்புன்னு மட்டும் சொன்னா பாக்குறவ என்னடி பண்ணுவா? என்ன வரணும், என்ன வந்துச்சுன்னு சொல்லணும்ல" என்றாய்.

நான் கேட்கவில்லை. நீ லீவில் இருந்த ஒரு நாள், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அத்தனை வாசகங்களையும் அழித்தேன். நாள்களை ஒப்பிட்டுக் காட்டும் வரியையும் சுருக்கி, சரியா இல்லையா என்று மட்டும் சொல்ல வைத்தேன். அடுத்த வாரம் நான் கணக்கை மாற்றியதும் இந்த டெஸ்ட் தோற்றது. வெறும் ஃபால்ஸ். மதியத்துக்குள் முடிக்கச் சொல்லி மேனேஜர் தலைமேல் நின்றார். டெஸ்ட்தான் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, அதை ஓடாதபடி நிறுத்திவைத்தேன். எங்கள் ஊர் தலைமடை. மதகு திறந்த அன்றே வயலில் தண்ணீர் நிற்கும். கடைசி வயல் காத்திருப்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் என்று எஸ்எம்எஸ் போனது. நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் இருக்கும் உங்கள் ஊரில் நாற்றைப் பறித்துக் கட்டி வைத்துவிட்டார்கள். நம்ம பொண்ணு வேலை பார்க்கும் இடத்து மெசேஜ் என்ற நம்பிக்கை. மூன்று நாள் தள்ளி, ஆறாம் நாள்தான் தண்ணீர் வந்தபோது நாற்று கருகிக் கிடந்தது.

"இந்தத் தப்பைப் பிடிச்சிருக்க வேண்டிய டெஸ்ட் யாரோடது?" என்று மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார். நீ எழுந்தாய். "நான் எழுதினதுதான் சார்." அவர் திட்டித் தீர்த்தார். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். யார் எதை மாற்றினார்கள் என்பது கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. அவர் பார்க்கவில்லை. நீ கட்டாயம் பார்த்திருப்பாய். வெளியே வந்ததும், "டீ குடிக்கப் போலாமாடி?" என்று மட்டும் கேட்டாய். வந்து, அந்த டீயையும் குடித்தேன் பார், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறது.

பிறகு கணக்கைத் திருத்தினோம், டெஸ்ட்டையும் ஓடவிட்டோம். வாசகங்களை மட்டும் நான் திரும்ப வைக்கவில்லை. வைத்தால் அழித்தது யார் என்று கேட்பார்களே. நீயும் தொடவில்லை. என்னைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்று நினைத்தாயோ என்னவோ. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். மாசியில் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் நீ போய்விட்டாய்.

திங்கட்கிழமை பழைய பதிவுகளிலிருந்து உன் வாசகங்களை எடுத்துத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன். ஆறாம் நாள், மூன்றாம் நாள், நாற்று. யாரோ கணக்கைத் தொட்டதில் அதே பிழை திரும்பியிருந்தது. பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும். அழித்ததும் நிறுத்தியதும் நானே என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். ஆனால் உங்கள் ஊர் அதைப் படிக்காதே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். உன் அப்பா வயலில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"தான்தான் தப்பா எழுதிட்டேன்னு அவ வீடு வீடாப் போயி மன்னிப்புக் கேட்டாம்மா" என்றார். மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். "அப்ப எம்பொண்ணு எழுதுனது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுங்கப்பா."

பக்கத்து வயல்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இவருகிட்டயும் சொல்லும்மா."

சொன்னேன். அப்புறம் அடுத்த வயல், அப்புறம் மேலத்தெரு முழுக்க வீடு வீடாக. கீழத்தெரு இன்னும் பாக்கி இருக்கிறது. வரும் ஞாயிறும் போகிறேன்.