கேரியர் வெச்ச கார்

ஞாயிறு, ராத்திரி

காலையில வில்லியனூர் ரோட்டுல பழைய கார் ஒண்ணு பார்த்தோம். நான் லாஸ்பேட்டை ஆபீஸுக்கு மழையில ஸ்கூட்டர்ல நனையாம போகலாம், அவர் மீன் புடிக்கற கயாக்கையும், அதான் அந்த ஒத்தை ஆள் துடுப்புப் படகையும், மேல கட்டிக்கலாம்னு ரொம்ப நாளா தேடிட்டிருக்கோம்.

அவர் தரையில படுத்து அடியில துரு இருக்கான்னு பார்த்தார். இல்ல. நான் ஓட்டிப் பார்த்தேன். பிரேக், கிளட்ச், ஏசி எல்லாம் நல்லா இருந்துச்சு. மேல கேரியர் வேற.

"கயாக்கை நான் ஒருத்தனே ஏத்திக் கட்டிடுவேன் மாலா"ன்னார். முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

"கலர் புடிக்கல"ன்னுட்டேன்.

"கலரா?"ன்னு என்னையே பார்த்தார். அப்பறம் புரோக்கர் பக்கம் திரும்பி, "வேற கலர்ல வந்தா சொல்லு"ன்னார்.

இப்ப அந்தோணியோட குட்டியானை லோடு வண்டியிலதான் கயாக்கை வீராம்பட்டினத்துக்கு ஏத்திட்டுப் போறார். வாடகைக்கு வந்தாலும், இவர் கரைக்குத் திரும்பற வரைக்கும் அந்தோணி அங்கயே உக்காந்திருப்பான். அலை சரியில்லன்னா "இன்னிக்கு வேணாம்ணே"ன்னு திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவான். சொந்தக் கார் வந்துட்டா அந்தோணி எதுக்கு? விடியக்காலையில இவர் பாட்டுக்குத் தனியா கிளம்பிடுவார். கரையில பார்த்துட்டிருக்க ஆள் இருக்காது. இதை வாய் விட்டுச் சொன்னா, "நீச்சல் தெரியாதவனா நான்?"னு கத்துவார்.

சாப்பிடும்போது புரோக்கர் போன் பண்ணான். அதே மாடல், அதே மாதிரி கேரியர், வெள்ளையில ஒண்ணு வந்திருக்காம். "நாளைக்கு நீ ஆபீஸ் விட்டு வந்ததும் போலாம்"னு சிரிச்சார்.

எனக்குப் புடிச்ச கலரே வெள்ளைதான். அது அவருக்கு நல்லாவே தெரியும்.