நீச்சல் தொட்டிக்கு மட்டம் பார்த்தேன்

கௌதள்ளியில் இருக்கும் அப்பாவுக்கு மாதேஸ்வரியின் வணக்கம். முட்டி வலி தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்குதா? உங்க பேச்சை மீறி மைசூருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து நீங்க போனை எடுக்கறதில்ல. அதனாலதான் எழுதறேன்.

நான் தோட்ட வேலை செய்யற வீட்டுல, தரைக்கு மேலயே நிறுத்தற நீச்சல் தொட்டி வாங்கறாங்க. பதினெட்டு அடித் தொட்டிதான் அழகுன்னு கடைக்காரர் மாமரத்தோரம் இடம் காட்டினார். அங்க தரை சரிவு, தண்ணி ஒரு பக்கமாத் தள்ளித் தொட்டி பிதுங்கிடும்னேன். “தோட்டக்காரம்மாவுக்கு என்ன தெரியும்?”னு சிரிச்சார். கொத்தனார் பொண்ணுக்குத் தெரியும்னு சொல்லிட்டு, அக்ரஹாரம் கடைத்தெருவுல மட்டம் பார்க்கற டியூப் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு குச்சி நட்டு, டியூப்ல தண்ணி நிரப்பி, தண்ணி நின்ன உயரத்துக்குக் குச்சியில கோடு போட்டு மட்டம் பார்த்தா, அரை அடி வாட்டம்! இங்க வெச்சா நாளைக்கே வேலையை விட்டுடுவேன்னும் சொன்னேன். பயப்படாதீங்க, வேலை போகல. பின்பக்கம் துணி காயப்போடற சமதரைக்குப் பன்னிரண்டு அடித் தொட்டி சொல்லியிருக்காங்க.

புது டியூப் விறைப்பா இருக்குது. உங்க பழசை யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க. நீங்களே கொண்டு வந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை நான் சும்மாதான் இருக்கேன்.

செடிக்குத் தண்ணி விடணும், ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சுக்கறேன். அங்க உங்ககூட மட்டம் பார்க்கறப்ப, கோடு போடறது ஆம்பளை வேலைன்னு, டியூபோட மறுமுனையைப் பிடிக்க மட்டும்தான் என்னை விட்டீங்க. இங்க மறுமுனையைப் பிடிச்சு நின்னது வீட்டுக்கார அம்மா. கோடு போட்டது நான்.

உங்க மக
மாதேஸ்வரி