காலி பண்ணச் சொன்னால் பண்ணிவிடுவார்கள்

பிப்ரவரி 3

இதை யார் கண்டெடுத்தாலும் சரி, அப்படியே மூடி வைத்துவிடுங்கள். படித்துத்தான் ஆகவேண்டும் என்றால் படியுங்கள், அம்மாவிடம் மட்டும் காட்டாதீர்கள். அப்பாவிடமும் வேண்டாம். யாரிடமுமே வேண்டாம். புவியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். புவியியலை இந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை, நான் உட்பட.

காய்ச்சல் என்று இன்று பள்ளிக்குப் போகவில்லை. அப்பா விடியும் முன்பே கிளம்பிப் போயிருந்தார், அவருக்கு இது தெரியாது. அம்மாவும் மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அவள் நர்ஸ், இந்த வாரம் பகல் ஷிப்ட். வெயில் ஏறிய பிறகு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அப்பா. சாவி அவர் பையில் இருக்கும்போது மணி எதற்கு? பின்னால் ஒரு அக்காவும் அவள் கணவரும் நின்றார்கள். அப்பா வீட்டுத் தரகர். வாங்குகிறவர்களை அழைத்துக்கொண்டு அவர் தெருத்தெருவாகப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் வாசலில் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் ஒரு நொடி அவர் முகம் செத்துப்போனது. பிறகு சிரித்தார்.

"வணக்கம் பாப்பா. வீடு பாக்க வந்திருக்கோம். ரெண்டு நிமிஷம் உள்ள வரலாமா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். சிரிப்புகூட வந்தது. ஆனால் அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றி, விருந்தாளி மாதிரி ஓரமாக வைத்தார். அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று புரிந்தது.

கூடம், சமையலறை, பால்கனி என்று காட்டிக்கொண்டே வந்தார். என் அறையில் அந்த அக்கா என்னைப் பார்த்து, ஓனருடைய பெண்ணா என்று கேட்டாள்.

"இல்லம்மா, வாடகைக்கு இருக்காங்க. நல்ல குடும்பம். காலி பண்ணச் சொன்னா மறு பேச்சு பேசாம பண்ணிருவாங்க."

அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கொதிக்கிறதே, மாத்திரை போட்டாயா என்றாள். அப்பா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு கூடத்துச் சுவரைப் பார்த்தேன். எங்கள் மூன்று பேர் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. கண்ணாடியில் விரிசல், மாற்றித் தருகிறேன் என்று போன வாரம்தான் கழற்றிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 4

மருந்து வாங்க என்று சொல்லி என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். போகும்போது எல்லாவற்றையும் சொன்னார், பாதிதான் புரிந்தது. வீட்டுக்கடன் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறதாம். முதலில் வங்கி தவணையை ஏற்றாமல் வருடங்களை நீட்டித்ததாம். இனி நீட்டினால் அப்பாவுக்கு வயது தாண்டிவிடும் என்பதால் தவணையையே ஏற்றிவிட்டார்கள். வட்டி ஏறியதால் வீடு வாங்குகிறவர்களும் இல்லை. அவர்கள் இல்லையென்றால் அப்பாவுக்குத் தரகுப் பணம் இல்லை. இரண்டு பக்கமும் அடி.

வாடகைக்காரர்கள் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தரகனே தன் வீட்ட விக்கிறான்னு தெரிஞ்சா, இவன் கழுத்து வரைக்கும் மூழ்கிட்டான்னு அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க குட்டி."

அம்மாவுக்குத் தெரியுமா?

"விலை படிஞ்சதும் நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத. அவ தாங்க மாட்டா."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? வேறு எப்படி ஆட்டுவது?

பிப்ரவரி 5

அம்மா சமையலறை அலமாரித் தட்டுகளுக்குப் புது விரிப்பு வாங்கி வந்தாள். அளந்து அளந்து நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 11

வட்டி பற்றிய செய்தி வரும் என்று அப்பா தொலைக்காட்சி முன்னால் சாய்ந்து உட்காராமல் உட்கார்ந்திருந்தார், கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி. குறைக்கவில்லை. "மாற்றமில்லை" என்று எழுத்து ஓடியது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஜெயித்தது யார் என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் என்று சொன்னேன்.

பள்ளிக்குப் பின்னால் எழும்பும் அடுக்குமாடியில், நாங்கள் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்குப் புது வீடே கிடைக்கிறதாம். அப்பா அங்கேயும் ஆட்களை அழைத்துப் போகிறார். தன் வீட்டுக்கு வர வேண்டியவர்களை எதிராளியிடம் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிச் சிரித்தார். என்னிடம் மட்டும். இப்போது அவருடைய ஜோக்குகளெல்லாம் என்னிடம் மட்டும்தான்.

இந்த வீடு வாங்கும்போது அம்மா தயங்கினாள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று விட்டால் நாளைக்குக் கிடைக்காது என்று அப்பா சொன்னார். எல்லாரிடமும் சொல்வதையேதான் அவளிடமும் சொன்னார். அவள் சேர்த்து வைத்ததெல்லாம் முன்பணத்தில் போனது.

பிப்ரவரி 15

அம்மா வேலைக்குப் போயிருந்தபோது அந்த அக்கா மறுபடியும் வந்தாள், இந்த முறை அளவு டேப்போடு. மனதுக்குள் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர் வைத்துவிட்டேன். வயிறு லேசாகத் தெரிகிறது. என் அறையில் குழந்தைக் கட்டில் எங்கே வரும் என்று அளந்தாள். டேப்பின் மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார், என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து.

தண்ணீர் ஒழுங்காக வருமா என்று டேப்பக்கா என்னிடம் கேட்டாள். "தரகர் வாயில எல்லாம் தேன்தான் பாப்பா, நீ சொல்லு." அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நன்றாக வரும் என்றேன். காலை பத்து மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் வராது.

அவளை எனக்குப் பிடிக்கிறது. அதுதான் இன்னும் மோசம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

அப்பா வெளியே போயிருந்தார். மணி அடித்தது, அம்மா திறந்தாள். டேப்பக்கா தனியாக நின்றாள்.

"நீங்கதானே இங்க வாடகைக்கு இருக்கீங்க? தரகர் இல்லாம ஒரு தடவ பேசலாம்னு வந்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரே பார்வைதான். அதிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, உள்ளே வாங்க என்றாள்.

தேநீர் போட்டுக் கொடுத்தாள். தண்ணீர் பத்து மணிக்கு நின்றுவிடும், பால்கனிப் பக்கச் சுவர் மழையில் ஓதம் காக்கும், என் அறையில் மட்டும் நல்ல காற்று என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எத்தனையாவது மாதம் என்று விசாரித்தாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நடக்கச் சொன்னாள்.

"ஓனர் எப்படிங்க? பிரச்சினை பண்ணுவாரா?"

"நல்ல மனுஷன்தான். எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்."

எப்போது காலி செய்வீர்கள் என்று டேப்பக்கா கேட்டாள். அம்மா காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும் என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"காய்ச்சல் அன்னைக்கு."

"இத்தன நாளா என் பக்கத்துல உக்காந்துதானே சாப்ட்ட?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. அப்பாவிடம் மூச்சு விடாதே, அவரே சொல்லட்டும் என்றாள். ஐயோ, இப்ப நான் யாருக்குத்தான் பயப்படுறது?

பிப்ரவரி 24

சாப்பிடும்போது அம்மா, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒன்று படிகிற மாதிரி இருக்கிறது என்றார். அம்மா காத்திருந்தாள். நானும்தான். சொல்லுங்கப்பா. சொல்லிருங்க.

தண்ணீர் கேட்டார்.

மார்ச் 2

சொல்லவில்லை.

மார்ச் 8

சொல்லிவிட்டார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அம்மா கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. அதனால்தான் சொன்னார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

தெரியும் என்றாள். அந்தப் பெண் வந்ததை, தண்ணீர் பற்றிச் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா முதலில் கேட்டது, அதனால்தான் அவர்கள் விலையைக் குறைத்தார்களா என்பதுதான். கேட்டிருக்க வேண்டாம்.

"விலையா? வாடகைக்கு இருக்கேன்னு என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்களே. அதுக்கு என்ன விலை போடுவீங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீயுமா என்கிற மாதிரி. அம்மா மடித்த துணிகளையே எடுத்து மறுபடியும் மடித்தாள்.

மார்ச் 20

விற்றாயிற்று. நான் பள்ளியில் இருந்தேன், அம்மா சொன்னதை எழுதுகிறேன்.

பதிவு அலுவலகத்தில் விற்கிறவர்கள் பக்க நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டேப்பக்கா முதலில் சிரித்தாளாம், நீங்களும் வந்திருக்கிறீர்களா என்று. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பத்திரம் வங்கியில் இருந்ததால் ஓனர் பெயரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லையாம். அவள் கணவர் அப்பாவை வெளியே அழைத்துப் போனார். திரும்பி வரும்போது விலை இன்னும் இறங்கியிருந்தது. அவர்கள் கொடுத்திருந்த முன்பணம் ஏற்கெனவே பாக்கித் தவணைகளுக்குப் போய்விட்டது, திருப்பிக் கொடுக்க வழியில்லை. அப்பா சரி என்றார். வங்கிக் கடன் அடைந்தது. எங்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை.

பரீட்சை முடியும்வரை இருந்துகொள்ளுங்கள், வாடகை வேண்டாம் என்று டேப்பக்கா சொன்னாளாம், அம்மா முகத்தைப் பார்க்காமல். அம்மா வாடகையைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 28

வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். ஒரு கூடம், ஓரத்தில் சமையல் மேடை. வாசலை விட்டால் கதவு இருப்பது குளியலறைக்கு மட்டும்தான். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மாதிரி மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

இன்று பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு வரும்போது, அம்மா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து சொன்னாள். வெளியூரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க இடமும் கொடுக்கிறார்கள், ஒரே அறை.

"ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்டீ."

நாம் மூன்று பேர் அல்லவா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. பேருந்து வந்தது. ஏறும்போது என் கையைப் பிடித்து, அப்பாவிடம் இப்போது சொல்லாதே, நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றாள். நான் மறுபடியும் தலையாட்டினேன்.

அப்பா இன்று சீக்கிரமே வந்துவிட்டார். ஒரு வீடு படிந்திருக்கிறதாம், சின்ன வீடுதான். பல நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தார். வட்டி இறங்கினால் இரண்டு வருடத்தில் நாமும் மறுபடி ஒன்று பார்க்கலாம், உனக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்று என்னைக் கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிழக்கு என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? ஆனால் சொல்லாமல் இருந்தால் அவருக்கு

தட்டுகிறார்கள். அப்பா குரல்.

"குட்டி, இவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ற? அழறியா? கதவத் தெற, அப்பாகிட்ட சொல்லு. என்ன