ஜித்தாவில் செல்லும் காசு

மேலப்பாளையம்,
1914 செப்டம்பர் 26, சனிக்கிழமை.

பம்பாயில் ஹாஜிகள் விடுதியில் தங்கியிருக்கும் கண்ணியமிகு மச்சான் அவர்களுக்கு ஆபிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் சுகமும் உங்களைப் பெற்ற மாமியின் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்று ஜும்ஆ முடிந்த நேரத்தில் கிடைத்தது. ரயிலில் பிடித்த காய்ச்சல் மாமிக்கு இன்னும் இறங்கவில்லை, ஆளையே சரியாக அடையாளம் தெரியவில்லை என்ற வரிக்கு மேல் கண்ணீரில் எனக்கு எழுத்து தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

சண்டை வந்ததிலிருந்து பம்பாயில் பணம் மாற்றும் சராப்புக் கடைகளில் பவுன் காசே கிடைக்கவில்லை, கையில் இருக்கும் நோட்டு ஜித்தாவில் வெறும் காகிதம், வெள்ளி ரூபாயாக மாற்றி மூட்டை சுமந்து போனால் மக்கா வழியில் கொள்ளைக்காரன் விடமாட்டான் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இதைத்தானே முகம்மது சுல்தான் ஹாஜியார் படித்துப் படித்துச் சொன்னார். ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்தவர் சொல்லைக் கேட்காமல், பம்பாயில் எல்லாம் கிடைக்கும் என்று கையை வீசிக்கொண்டு ரயில் ஏறியது நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், இது சண்டை போடுகிற நேரம் இல்லை.

துறைமுகத்தில் ஓர் ஆள் பவுன் தருகிறேன் என்கிறான், நோட்டையெல்லாம் அவனிடம் கொடுக்கப் போகிறேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். பவுன் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

என் காசுமாலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று சொன்னது பொய். மாடக்கண்ணு ஆசாரியை வரச்சொல்லி, ஒவ்வொரு பவுனிலும் பற்றவைத்திருந்த வளையத்தை அறுத்து, அரத்தால் ராவி வாங்கினேன். ஹாஜியார் பார்த்துவிட்டு, இது ஜித்தாவில் செல்லும் என்றார். உங்களிடம் கொடுக்கத்தான் இருந்தேன். மாமிதான் தடுத்தார்கள். 'ஏளா, அவன் கையில குடுத்தா, எவனாவது அழுதாம்னு எடுத்துக் குடுத்துருவான். ஜித்தா போய்ச் சேந்து நாஞ் சொல்லிக்கிடுதேன், நீ வாயத் தொறக்காத' என்றார்கள். உங்கள் இளகிய மனசு எனக்கும் தெரியும், சரி என்றேன்.

எங்கே வைத்தோம் என்று எழுத விரல் வரமாட்டேன் என்கிறது. ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவர மாமி தம்முடைய கடைசிப் போர்வையான கஃபன் துணியை எடுத்துப் போனார்களே, அதன் ஓரத்தை மடித்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறது. எந்தத் திருடனும் கஃபனைத் தொடமாட்டான் என்றார்கள். மவுத்துக்குப் போர்த்துகிற துணியில் தையல் விழக்கூடாதே மாமி என்றேன். 'எறங்குனதும் பிரிச்சிருவோம்ளா. அதுக்குள்ள நான் மவுத்தாயிரவா போறேன்' என்று சிரித்தார்கள். அவர்கள் மடித்துப் பிடித்தார்கள், நான் ஊசி குத்தினேன்.

அந்தத் துணியை யாரையும் தொடவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டே கிடக்கிறார்கள், மவுத்துக்குத் தயாராகிவிட்டார்கள் போல என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழிச்செலவுக்குத்தான் காவல் இருக்கிறார்கள் மச்சான். அதைப் படித்து நான் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஊரில் நல்ல செய்தி இல்லை. ஜெர்மன் சாயம் வராமல் நம் தறிகள் சும்மா கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமை ஜெர்மன்காரன் கப்பல் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. கொழும்புக்குப் போக இருந்தவர்கள் தூத்துக்குடியிலிருந்து மூட்டையோடு திரும்பி வருகிறார்கள். அந்தக் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். ஜித்தாவை ஆளும் துருக்கியும் சண்டையில் இறங்கும், இறங்கினால் ஜித்தா போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் கிடைக்காது என்று பள்ளிவாசலில் பேசிக்கொள்கிறார்களாம்.

உங்கள் கப்பல் வருகிற வியாழக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் வரும்வரை ஏற வேண்டாம் என்று நேற்றே ஹாஜியார் பாளையங்கோட்டைக்குப் போய்த் தந்தி கொடுத்தார். பவுன் விஷயத்தைத் தந்தியில் சொல்ல முடியுமா? இன்று பிற்பகல் அஸர் தொழுகையும் ஆகிவிட்டது, பதில் இல்லை. கப்பலை முன்னதாகவே எடுத்துவிட்டார்களோ, மாமிக்குத்தான் ஏதுமோ என்று என்னென்னவோ தோன்றுகிறது. ஹாஜியாரும் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

இது உங்கள் கைக்குக் கிடைத்தால், மாமிக்குக் கொஞ்சம் தெளிவு வரும் நேரம் பார்த்து, 'ஆபிதா எழுதிட்டா' என்று காதில் சொல்லுங்கள். துணியைத் தந்துவிடுவார்கள். பைய பிரியுங்கள். நூலில் ஓர் இழைகூட விடாமல் உருவி எடுத்துவிடுங்கள்.

ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்துக் கிளம்பியவரைப் போகாதே என்று தடுக்கிற பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் கப்பலில் மவுத்தானவர்களைக் கரைவரை வைத்திருக்க மாட்டார்கள், கஃபனில் போர்த்தி, தொழுகை முடிந்ததும் கடலில் இறக்கிவிடுவார்கள் என்று ஹாஜியார் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு வேளை வந்து, பிரிக்க அவகாசம் தராவிட்டால், யாரோடும் மல்லுக்கு நிற்காதீர்கள். பவுன் மாமியோடே போகட்டும். அந்தத் தையலுக்கு அல்லாஹ்விடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கையில் காசில்லாமல் அந்நிய ஊரில் யாரிடம் கை ஏந்த வேண்டி வந்தாலும் வெட்கப்படாமல் ஏந்துங்கள். வெறுங்கையோடு வந்தாலும் போதும், இந்த வாசலுக்கு நீங்கள் வந்து சேருங்கள்.

மாமியின் கால்களை எனக்காக ஒரு தடவை பிடித்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்காகத் துஆ கேட்கும்,
ஆபிதா பீவி