மூன்றாம் ஷெட்டுக்கு நான்கு காரணங்கள்

ஏப்ரல் 24, வியாழன்

மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. மூன்றாம் ஷெட்டில் தண்ணீர் தெளிப்பது நின்றுபோய், ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரத்து எண்ணூறு கோழிகள் வெக்கை தாங்காமல் செத்தன. பண்ணை ஆபீசில் பதினோரு வருடமாக இருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. மூன்று முறை குளித்தும் நாற்றம் போகவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

அதற்குள் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது! முட்டை லாரிக்காரருக்குச் செல்போன் டவர். முதலாளியின் தம்பிக்குக் கண் திருஷ்டி. முதலாளி பூபதிக்கு, ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் மாதேஸ்வரன்.

"அவன் சோத்துக்குப் போயிட்டான், ஜெனரேட்டர எடுக்க ஆளில்ல, கோழி செத்துது. இதுக்கு மேல என்னங்க ஆராய்ச்சி?"

வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மனுசன் மத்தியானம் சோறு திங்கறது ஒரு குத்தமா? சீ!

ஏப்ரல் 26, சனி

மாதேஸ்வரனின் மனைவி மஞ்சுளா வந்து நின்றாள். "எழுதறது நீங்கதானுங்களே. ஒரு வார்த்த சொல்லுங்க."

ஆமாம், பங்குதாரர்களுக்கு அறிக்கை எழுதுவது நான்தான். "மாதேஸ்வரனின் கவனக்குறைவு" என்று ஒரே வரி போதுமாம் முதலாளிக்கு.

அவள் போனதும் ஜெனரேட்டரை நானே போட்டுப் பார்த்தேன். பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஆள் இருந்திருந்தாலும் எடுத்திருக்காது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சர்ச்சில் பூசையில் மனம் ஒட்டவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பேட்டரி மாற்ற வரட்டுமா என்று மெக்கானிக் தனசேகர் போன் செய்தார். "ஈஸ்டர் முடிஞ்சு வாங்க"ன்னு சொன்னது யாரு? நாந்தான். ராசிபுரம் போய்ப் பண்டிகைக்குச் சேலை எடுக்கிற அவசரம் எனக்கு. மூன்று நாளாக அது ஞாபகத்துக்கே வராத மாதிரி இருந்திருக்கிறேன். தூ.

ஏப்ரல் 28, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு கோழி இருக்க வேண்டிய கூண்டில் ஐந்தை அடைக்கச் சொன்னது முதலாளி. இரண்டு பேர் பார்த்த ஷெட்டுக்கு இப்போது ஒருவர்தான். அந்த வெயிலில் கரண்ட் போனது. பேட்டரியைத் தள்ளிப்போட்டது நான். நாலும் சேர்ந்துதான் கொன்றன. ஒன்று குறைந்திருந்தால்கூடப் பாதியாவது பிழைத்திருக்கும்.

பூபதி கடைசிவரை படித்தார். பேனா கேட்டார்.

மே 3, சனி

மாதேஸ்வரனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அறிக்கையில் முதல் மூன்றையும் அடித்துவிட்டார்கள். நாலாவது மட்டும் இருக்கிறது.

என் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்; சாமான்களை எடுத்துவரப் போனேன். மாதேஸ்வரன் கேட்டைத் திறந்துவிட்டார்.

"அன்னைக்கே பேட்டரிய மாத்தியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காதுங்களே, ஜாக்குலினம்மா. அவ்வளவுதானுங்க விசயம்."

குரலில் கோபம்கூட இல்லை.

மூன்றாம் ஷெட்டில் புதுக் கோழிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். கூண்டுக்கு ஐந்து.