நாலு சக்கரமும் உழைக்கணும்

மாட்டுங்கா, பம்பாய்–19
புரட்டாசி முதல் வெள்ளி, 1966

சிரஞ்சீவி ஜகந்நாதனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை ஷ்யாமளா, வாசலில் நிற்கிற வண்டி எல்லோரும் சௌக்கியம், வண்டிக்கு மட்டும் அடியில் கொஞ்சம் எண்ணெய் ஒழுகுகிறது. அந்த நைரோபிச் சீமையில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, வயிற்றுக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. போன கடிதம் நாலு பக்கம் இருந்தது, பிரித்ததுமே எனக்கு மனசு நிறைந்து போயிற்று, உட்கார்ந்து படித்தால் நாலு பக்கமும் வண்டியைப் பற்றி. எந்தக் கியர்க் குச்சியை எப்போது இழுக்க வேண்டும், எந்தச் சக்கரம் எப்போது உழைக்க வேண்டும் என்று. என் முழங்கால் வலிக்கு ஒரு வரி, தைலம் தேய்த்துக்கொள் என்று. அப்புறம் கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி, கம்பெனியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று. அந்த ஓரத்து வரியைத்தான் நானும் அப்பாவும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் வண்டி. இந்த அகத்தில் இப்போது எல்லாமே அந்த வரிசைதான்.

இதற்கெல்லாம் மூல காரணம் நீ. போன வருஷம் ஒரு போட்டோ அனுப்பினாயே, காட்டு நடுவில் யானை மாதிரி ஒரு ஜீப்பு, மேலே கூடு கட்டினது, அதன் பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நீ. பிள்ளை இளைத்திருக்கிறானே என்று நான் உன்னைப் பார்த்தேன், அப்பா வண்டியைப் பார்த்தார். ஆபீஸ் நாள் முழுக்க லோக்கல் ட்ரெயினைத் தவிர வேறு வாகனம் அறியாத மனுஷர், ரிடயரான கையோடு மிலிட்டரி டிஸ்போஸல் ஏலத்துக்குப் போய் அதே ஜாதி வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து பங்குனியில் வாசலில் நிறுத்திவிட்டார். ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது. யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டேன், ஜகன் வந்து ஓட்டுவான் என்றார். நீ வருகிற வரைக்கும் சயானிலிருந்து இனாயத்துல்லா என்கிற டிரைவர் காலையில் வந்து ஓட்டிவிட்டுப் போகிறான். எங்கே ஓட்டுகிறான் என்று கேள். மார்க்கெட்டுக்கு ஒரு தரம், கோயிலுக்கு ஒரு தரம், மிஞ்சிப் போனால் செம்பூரில் பார்வதியம்மாள் சித்தி அகத்துக்கு. மலை ஏறப் பிறந்த வண்டி எங்கள் தெருவில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு போகிறது. ஒன்பது கஜத்தைக் கட்டிக்கொண்டு அதில் ஏற என்னால் முடியவில்லை என்று சமையலறை முக்காலியை வண்டியில் போட்டு வைத்திருக்கிறார், அதனால் இப்போது மேல் பரணிலிருந்து ஒரு டப்பா எடுக்க வேண்டுமானாலும் நான் தெருவுக்கு இறங்கி முக்காலியை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

இதற்கிடையில் வண்டியைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கிறார். தாராவியில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிற நாகூர் மீரான், திருநெல்வேலிப் பக்கம், நல்ல மரியாதைப்பட்ட மனுஷர். கடற்கரையில் வலைக்காரர்கள் குப்பத்துக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டுமாம், லாரி மணலில் புதைந்துவிடுகிறதாம், இந்த மாதிரி வண்டிதான் சரிப்படும் என்று சொன்னார். பம்பாயிலேயே இந்த வண்டிக்கு நிஜமான வேலை வைத்திருக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சுவாமி படம் மாட்டின வண்டியில் கருவாடா என்று அவர் போன பிறகு என்னிடம் சண்டை. வண்டிக்கு என்ன உபநயனமா ஆகியிருக்கிறது என்று நான் கேட்டேன், துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், முடியாது என்று மீரானிடம் சொல்லவும் இல்லை. பிள்ளைக்கு எழுதியிருக்கிறேன், அவன் இந்தத் தை மாசம் வரவில்லை என்று எழுதினால் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆக வண்டி இருக்குமா போகுமா என்பது அந்த ஓரத்து வரியில் தொங்குகிறது.

நீ என்னவோ படித்துப் படித்து எழுதினாய், தார் ரோட்டில் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும் இழுவை போதும், நாலுக்கும் கொடுக்கிற குச்சியைச் சேற்றிலும் மணலிலும்தான் போட வேண்டும் என்று. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் படித்துவிட்டு, குழந்தை ஆப்பிரிக்காவில் இருக்கிறான், பம்பாய் ரோடு அவனுக்கு மறந்து போச்சு என்று மடித்து வைத்துவிட்டார். நாலு சக்கரத்தையும் சேர்த்துத்தானே வாங்கியிருக்கேன், ரெண்டு உழைக்கணும், ரெண்டு சும்மா கூட உருண்டு வரணும்னா அது என்ன நியாயம் என்கிறார். ஆபீஸில் ஒரு ப்யூன் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் பொறுக்காமல் எழுப்பி, அடுக்கி வைத்த ஃபைலைக் கலைத்து மறுபடி அடுக்கச் சொன்ன மனுஷர், முன் சக்கரத்தை விடுவாரா. குச்சியை நாலிலேயே போட்டு, இனாயத்துல்லா எடுத்துவிடாமல் இருக்க என் பழைய புடவைக் கிழிசலால் கட்டியும் வைத்திருக்கிறார். திருப்பத்தில் எல்லாம் வண்டி முனகுகிறது. ஸாப், காடி ரோத்தி ஹை, வண்டி அழறது என்று அவன் தினமும் சொல்கிறான், புதுசா வேலைக்குச் சேர்ந்த சக்கரம் அப்படித்தான் முனகும், பழகிடும் என்று இவர் பதில் சொல்கிறார். டயர் நாலும் மொட்டையாகிக்கொண்டு வருகிறது.

இப்போது அவர் கேட்கச் சொன்ன கேள்விகளை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கவரை ஒட்ட விடமாட்டார். முன்னால் இரும்புக் கயிறு சுற்றின உருளை ஒன்று இருக்கிறதே, பள்ளத்தில் விழுந்த வண்டியை இழுக்க என்று நீ எழுதினாய், நம்மைச் சுற்றி யாரும் பள்ளத்தில் விழுவதாகக் காணோம், அதனால் அதை வைத்து இரும்பு பீரோவை இரண்டாம் மாடிக்கு ஏற்ற முடியுமா. பின்பக்கம் இன்ஜின் ஓடும்போது சுற்றுகிற தண்டு ஒன்று இருக்கிறதாமே, அதில் பெல்ட் மாட்டினால் ஆட்டுக்கல் சுற்றுமா. இந்தக் கேள்வி எனக்காகவாம், என் கை வலிக்காகவாம். இட்லிக்கு அரைக்க நான் தெருவில் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிவிடுவதை மாட்டுங்கா முழுக்க நின்று பார்க்க வேண்டும் என்பது ஆசை போலிருக்கிறது. அப்புறம் முன் விளக்கோடு ஒட்டி முகமூடி போட்ட குட்டி விளக்கு ஒன்று இருக்கிறது, அதை ஏற்றினால் ரோடே தெரியவில்லை, அது எதற்கு. யுத்தத்தில் எதிரிக்குத் தெரியாமல் போவதற்கு என்று ஷ்யாமளா சொன்னாள். கீழ் வீட்டு சுப்புலக்ஷ்மி மாமிக்குத் தெரியாமல் போகவாவது உதவட்டும் என்று நான் சொன்னேன். ஏன் என்றால் மாமி கோலம் போடுகிற இடத்தில்தான் வண்டி நிற்கிறது. மாமியும் விடுகிறதில்லை, நாலு டயரையும் நாலு புள்ளியாக வைத்து சுற்றிச் சிக்குக் கோலம் போட்டுவிட்டாள், கோலத்தின் மேல் எண்ணெய் சொட்டுகிறது, அப்பாவுக்கும் மாமிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

கோகுலாஷ்டமி கூத்தைக் கேள். வருஷா வருஷம் பஜனை ஊர்வலத்துக்குக் கைவண்டியில்தான் கிருஷ்ணன் படத்தை வைத்து இழுப்பது. இந்த வருஷம் அப்பா சபையில் எழுந்து நின்று நம்ம வண்டி இருக்கும்போது பகவான் கைவண்டியில் போவதா என்று கேட்டு, எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். படத்தை மேலே கட்டி, வாழைக்கன்று கட்டி, அங்கவஸ்திரத்தோடு முன் சீட்டில் அப்பா. மெதுவாகப் போவதற்கென்றே இன்னொரு குச்சி இருக்கிறது என்று நீதான் எழுதினாயாம், அதையும் போடச் சொன்னார். நடை வேகத்தில்தான் போயிற்று, அதில் குறையில்லை, ஆனால் போட்ட இரைச்சலில் பாகவதருக்கு சுருதிப்பெட்டி கேட்கவில்லை, ஜால்ராக்காரர் வாயைப் பார்த்துத் தாளம் போட்டார். கிங்ஸ் சர்க்கிள் திருப்பத்துக்கு வந்ததும் நாலு சக்கரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்றுவிட்டது. இனாயத்துல்லா முறுக்கிப் பார்த்தான், குச்சியை எடுத்துவிடலாம் ஸாப் என்று கெஞ்சினான், இவர் சுவாமி காரியத்திலா ரெண்டு சக்கரத்தை ஓய்வில் விடறது என்று கேட்டார். பின்னால் இரண்டு பஸ், ஒரு லாரி, எல்லோரும் ஹார்ன். பாகவதர் பாவம், நிறுத்தினால் அபசகுனம் என்று ஒரே நாமாவளியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே நின்றார், குரல் கம்மிவிட்டது. கடைசியில் வாழைப்பழக்காரன் தன் கைவண்டியைக் காலி செய்து கொடுத்தான், பகவான் அதில் ஏறிப் போய்விட்டார். எல்லோரும் போன பிறகு இனாயத்துல்லா கொஞ்சம் பின்னால் எடுத்தான், படார் என்று சத்தம் போட்டு வண்டி சரியாகிவிட்டது. அகத்துக்கு வந்து நான் வாயைத் திறக்கும் முன்னால் அப்பாவே சொல்லிவிட்டார், கிருஷ்ணனுக்கு அந்தத் தெருவுக்குப் போக இஷ்டமில்லை போலிருக்கு என்று.

இதெல்லாம் போகட்டும், ஆடி மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோதாவது வண்டி உபயோகப்பட்டதா. பில்டிங்கே பால்கனியில் நின்று அப்பாவைப் பார்த்தது, பஞ்சாபகேசன் ஸார் வண்டியை எடுக்கப் போகிறார் என்று. ட்ரெயின் நின்று போய் ஷ்யாமளா சயான் காலேஜிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள்தான் பாலிஷ் போட்டிருக்கு, உப்புத் தண்ணி கலந்திருக்கும், துரு ஏறினா ஜகன் வந்து என்னைக் கேப்பான் என்று சொல்லிவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே நடந்து சயானுக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட வந்தார்கள். வண்டி மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. வந்ததும் வராததுமாக முதலில் அந்தத் தார்ப்பாய் முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் தலையைத் துவட்டிக்கொண்டு அவர் இருமினபோது மிளகுக் கஷாயம் போடப் போய்விட்டேன்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். வண்டி வாங்கின அன்றைக்கு அர்ச்சனைக்குக் கோயிலில் நிறுத்தினோம். குருக்கள் யார் பேருக்கு, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். வண்டிக்குச் சொந்தக்காரர் தன் நட்சத்திரத்தைச் சொல்வதுதான் வழக்கம். அப்பா யோசிக்கவே இல்லை, பூரட்டாதி, ஜகந்நாதன் என்றார். அன்றிலிருந்து அந்த வண்டியைத் துடைக்கிறபோதெல்லாம் யாரைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் என்று போனாய், ஐந்தாகிறது. என் முழங்காலுக்கு நீ ஒரு வரிதான் எழுதுவாய், வண்டிக்கு நாலு பக்கம் எழுதுவாய் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கேள்வி தீர்ந்து போய்விடக் கூடாது என்று வண்டிக்கு அடியில் படுத்துத் தேடுகிறார், அறுபது வயசில்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா பென்ஷன் ஆபீஸுக்குப் போயிருந்தபோது நாகூர் மீரான் வந்தார். வாசலிலேயே நின்றார். தம்பி காயிதம் போட்டாவளாம்மா, வாராவளா, இல்லைன்னா வண்டிய நாங்க கொண்டு போயிருதோம் என்று கேட்டார். ஆறு மாசமாக இந்த வண்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறவள் நான், தொலையட்டும் என்று சாவியை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். என் பிள்ளை தை மாசம் வருகிறான், வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். வாய் அப்படித்தான் சொல்லிற்று. அவர் ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வந்து போனதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, ஆளைக் காணோம் என்றதும் மொட்டை டயரைப் பார்த்துக் கருவாட்டுக்காரர் பயந்து ஓடிவிட்டார் என்று அவர் குஷியாக இருக்கிறார். நான் சொன்னதை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் உன்னிடம் இருக்கிறது. வற்புறுத்தவில்லை, உன் வேலை உனக்குப் பெரிசு. வருவதில்லை என்றால் அதை வண்டிக் கடிதத்து ஓரத்தில் நுணுக்காதே, எனக்குத் தனியாக எழுது, நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு நீ வர வேண்டும், அவ்வளவுதான்.

தலைக்கு எண்ணெய் வை, கொதிக்க வைத்த தண்ணீர் குடி, வண்டியில் போகிறபோது காதை மூடிக்கொள். நீடூழி சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். அப்பா இப்போது பக்கத்தில் வந்து நின்று இன்னும் ஒரு கேள்வி பாக்கி என்கிறார், மேலே எழுதினதைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதிவிடுகிறேன், இதற்கு மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. டிரைவர் சீட்டு குட்டை இனாயத்துல்லா அளவுக்கு முன்னால் தள்ளிப் பொருத்தியிருக்கிறதாம். உன் காலுக்கு எத்தனை அங்குலம் பின்னால் போக வேண்டும் என்று அளந்து எழுதச் சொல்கிறார், வெல்டிங்காரனைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாகீரதி