பில்யானா சொல்லாமல் இருந்த பதினொரு நாள்

யாம்பொல்,
நவம்பர் 14

அன்பு மகள் நெவேனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் தியோதோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் அம்மா குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப்போடுகிறாள், வீடெல்லாம் உப்புத்தண்ணீர் வாடை, அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குப் பர்காஸ் நகரத்துக்குப் போகிற பஸ்ஸைத்தான் இன்னும் ஓட்டக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதுகொண்டே கேட்டாய், தியோதோரின் பள்ளிக்கூடப் பையில் வேப், அந்த எலக்ட்ரானிக் சிகரெட், கிடைச்சுதுப்பா, பதிமூணு வயசுதான் ஆகுது, தங்கச்சி பில்யானா விஷயத்துல நீங்க என்ன செஞ்சீங்க என்று. நான் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் நாங்கள் பொய் சொல்லியிருந்தோம், அதைப் போனில் அவிழ்க்க எனக்கு வாய் வரவில்லை. போன பிப்ரவரியில் உன் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தது நாங்கள் சொன்ன மாதிரி வெறும் நிமோனியா இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு உன் பிள்ளையிடம் போ.

போன டிசம்பரில் புனித நிக்கோலா நாள், அந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கிற உன் நிக்கோலா சித்தப்பாவுக்கு விருந்து வைக்கும் பெயர் நாள் என்பதால் அவனும் குடும்பமும் நம் வீட்டில்தான் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா கெண்டை மீன் சுட்டிருந்தாள். நான் கை கழுவக் குளியலறைக்குள் போனால் தர்பூசணி வாசனை தூக்குகிறது. டிசம்பரில் ஏது தர்பூசணி? தேடினேன், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் ஒரு சாமான், பார்த்தால் குழந்தை விளையாடும் பொருள் மாதிரி இருந்தது, வாயில் வைத்து இழுக்கிற இடத்தில் பல் பட்ட தடம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே சாப்பாட்டு மேஜைக்கு வந்தேன், எல்லோர் முன்னாலும் பில்யானாவை அறைந்தேன். பதினாறு வயதுப் பெண். அவள் அழவில்லை. நீங்க பால்கனியில விடுற சிகரெட் புகை என்ன, கோயில் தூபமா என்று கேட்டாள். நிக்கோலா சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைக்கேறி இன்னொரு அறை விட்டேன். மறுநாள் அவள் அறைக்கதவைக் கீலோடு கழற்றி நிலவறையில் போட்டேன், போனைப் பிடுங்கினேன், அவள் சிநேகிதி சிமோனாவின் அப்பாவைக் கூப்பிட்டு உங்க பொண்ணும் இதைத்தான் செய்யுது, தெரியுமா என்று கத்தினேன். அதோடு வகுப்பில் ஒரு பெண்ணும் பில்யானாவோடு பேசுவதில்லை, காட்டிக் கொடுத்தவள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போதும் தோப்ரின், பொண்ணு சரியா சாப்பிடக்கூட மாட்டேங்குறா என்று அம்மா சொன்னாள். இது என் வீடு, எனக்குத் தெரியும் என்றேன். ஜனவரி முழுக்க வீட்டில் எந்த வாசனையும் இல்லை. பணிமனையில் காபி குடிக்கும்போது மற்ற டிரைவர்களிடம், பிள்ளைங்களை இப்படித்தான் அடக்கணும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் விடவே இல்லை, நெவேனா. வாசனை வராததாகப் பார்த்து மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் பெயர் ஒட்டாத சின்னக் குப்பியிலிருந்து ஏதோ ஊற்றிக் கொடுத்திருக்கிறான், அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஜனவரிக் கடைசியில் இருமல் வந்திருக்கிறது. இருமினால் நான் பையைச் சோதிப்பேன் என்று தலையணையில் முகத்தைப் புதைத்து இருமியிருக்கிறாள், அம்மாவின் இருமல் மருந்தை எடுத்துக் குடித்துவிட்டு அளவு தெரியாமல் இருக்கத் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறாள். நெஞ்சு வலி, காய்ச்சல், வாந்தி, எல்லாவற்றையும் பதினொரு நாள் விழுங்கியிருக்கிறாள். கதவில்லாத அறையில், என் கண்ணெதிரே. ஒரு சனிக்கிழமை காலையில் ரொட்டி வாங்கப் போனவள் திரும்பி வரும்போது இரண்டாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டு அம்மாள் பார்த்துக் கூச்சல் போட்டார், நான் ஓடிப் போனால் அவள் உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், இரண்டு நுரையீரலும் வெள்ளையாகத் தெரிந்தன. நிமோனியா மருந்து கொடுத்தார்கள், ஒரு நாள் போயிற்று, இரண்டாவது நாளும் போயிற்று, மூச்சு இன்னும் மோசம். டாக்டர் அம்மா குள்ளமானவர், தலை நரைத்தவர், மூன்று தடவை கேட்டார், ஏதாவது புகைச்சியாம்மா, ஏதாவது உள்ள இழுத்தியா என்று. மூன்று தடவையும் அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள், இல்லை என்று. இதைத்தான் உனக்கு எழுதுவதற்குள் நான் இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன்: மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்து, அதெல்லாம் கிடையாது டாக்டர், டிசம்பரிலேயே நான் நிறுத்திட்டேன் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, நிறுத்தினது நீங்களா அவளா என்று கேட்டார். பிறகு, கொஞ்சம் வெளிய இருங்க என்றார். தனியாகக் கேட்டதும் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்; ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார், நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினார், சாயங்காலத்துக்குள் பர்காஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் மெஷின்தான் அவளுக்கு மூச்சு விட்டது. முதல் நாளே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் பிறகு மெதுவாகத்தான் சொன்னார், மெதுவாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிழைத்துவிட்டாள். ஆனால் நுரையீரலில் தழும்பு இருக்கிறது, எவ்வளவு ஆறும் என்று அவர்கள் உறுதியாகச் சொல்வதில்லை. நாலு மாடி ஏற மூன்று இடத்தில் நிற்கிறாள், நிற்கும்போது போனைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்கிறாள். கதவை நான் திரும்ப மாட்டிவிட்டேன், வெகுநாள் அதை அவள் சாத்தவே இல்லை. அவள் மெஷினில் கிடந்தபோது நான் சிகரெட்டைக் குப்பையில் போட்டேன், ஏப்ரலில் திரும்பப் பிடித்தேன், விட்டேன், ஆகஸ்டில் மறுபடியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இல்லாத சிகரெட்டைச் சட்டைப்பையில் தேடியபோதுதான் புரிந்தது, அவளிடம் நான் பிடிவாதம் என்று நினைத்து அடித்தது பிடிவாதமே இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை என் பஸ்ஸிலேயே பர்காஸ் போய் இதற்கென்று இருக்கிற ஆலோசகரைப் பார்க்கிறோம், அவளும் நானும். ஒருநாள் திரும்பி வரும்போது எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, என் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள். பள்ளிச் சுற்றுலாவில் எல்லாரும் இழுத்தாங்கன்னு இழுத்தேன்பா, மூணு வாரத்துல அது இல்லாம ஒரு பாடவேளை உட்கார முடியல, எனக்கே பயமா இருந்துச்சு, அன்னைக்கு நீங்க அடிக்காம கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் என்று. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அதனால் நெவேனா, தியோதோரை இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்றால் நல்லது. உனக்குக் கோபம் இறங்கின பிறகு அவனோடு தனியாக உட்கார், யார் முன்னாலும் வேண்டாம். எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, யார் கொடுத்தது, உள்ளே இருப்பது என்னவென்று தெரியுமா, நெஞ்சு வலிக்கிறதா, இதையெல்லாம் கேள், அவன் பொய் சொன்னாலும் அடுத்த நாளும் கேள். செத்துப்போவாய் என்று மிரட்டாதே, நான் மிரட்டினேன், கூட இழுத்த பெண்கள் யாரும் சாகாததைப் பார்த்து நான் சொன்ன எதையுமே அவள் நம்பவில்லை. அவன் சித்தி பில்யானாவின் கதையை உள்ளபடி சொல், அது போதும். டாக்டரிடம் கூட்டிப் போ, போனால் நீ வெளியே உட்கார். மாப்பிள்ளை வெறும் ஆவிதானே என்கிறார் என்று சொன்னாய். அவரை எனக்குப் போன் பண்ணச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். சும்மா விட்டுவிடுவதும் தப்பு, அவன் விடுவதற்கு வருஷம் ஆனாலும் கூடவே இரு.

போன வாரம் நான் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பில்யானா வந்து ஒரு வேப்பை மேஜைமேல் வைத்தாள். நேத்து ரெண்டு தடவ இழுத்துட்டேன்பா, காலைல இருந்து கொஞ்சம் மூச்சு பிடிக்குது என்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவள் நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத்தான் கையைத் தூக்கினேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு கோட்டை எடுத்துக் கொடுத்து, வா டாக்டர்கிட்ட போலாம் என்றேன், இரண்டு பேரும் மெதுவாக இறங்கிப் போனோம். பயப்படும்படி ஒன்றும் இல்லை, நல்லவேளை சீக்கிரமே வந்தீங்க என்றார்கள். சீக்கிரம் வந்தது அவளால். அந்தக் கண் மூடினது என்னால்.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், பேரனின் மூச்சு சுத்தமாக இருக்கட்டும். அவன் தலையைத் தடவி இந்தத் தாத்தாவின் முத்தத்தைக் கொடு, அவன் பயப்படாமல் தலையைக் காட்டுகிறவரை அடிக்கடி தடவு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, இந்தத் தடவை நான் எழுந்து போகமாட்டேன்.

உன் அப்பா,
தோப்ரின்